மரப் படகின் வெளிப்பக்கத்துக்கு வார்னிஷா, பெயின்டா?

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பலகைப் படகு வைத்திருக்கிறீர்கள், மரத்தின் ரேகை தெரிய வார்னிஷ் அடிக்க ஆசை, கடைக்காரரோ பெயின்ட்தான் நல்லது என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கடைக்காரர் பக்கம்தான். மஸ்கெலியாப் பக்கம் படகு வேலைகளில் கூடமாட நின்று பழகியவன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன்: படகின் வெளிப்பக்கம் முழுக்க பெயின்ட் அடியுங்கள். வார்னிஷ் ஆசையை மேல்விளிம்புக்கும் உட்காரும் பலகைக்கும் துடுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் எது கெட்டாலும் மழையின் மேல் பழியைப் போடுவோம். வார்னிஷுக்கு முதல் எதிரி வெயில். நாம் இருப்பது மலைநாட்டில்; கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிராக இருப்பதால் அது நமக்கு உறைப்பதில்லை. வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருப்பதால் அந்தக் கதிர் உள்ளே போய் மரத்தின் மேல்தோலையே அரிக்கும். பிடிமானம் போனதும் வார்னிஷ் செதில் செதிலாக எழும்பும். அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கி மரம் கறுத்துப்போகும். பெயின்டில் இருக்கும் நிறப்பொடி கதிரை மேலேயே மறித்துவிடும். நிறமும் வெள்ளை, இளம் பச்சை என்று வெளிறியதாக இருக்கட்டும். கருநீலம் பார்க்க அழகுதான், ஆனால் சூடேறிப் பலகை சுருங்கி இடுக்கு திறந்துகொள்ளும்.

தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் தனிக்கதை. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் எப்போதும் தண்ணீரில் கிடந்தால் கொப்புளம் போடும். படகை வேலை முடிந்ததும் கரையேற்றி வைப்பீர்கள் என்றால் சமாளிக்கலாம். தண்ணீரிலேயே கட்டி வைப்பதானால் அடிக்குத் தார் பெயின்ட் போதும். கடற்கரையோரத்தில் அடிக்கும் செம்பு கலந்த பெயின்டுக்கு இங்கே தேவையில்லை. கடலில் படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் சிப்பி மாதிரியான கொட்டலசு நன்னீரில் ஒட்டாது, மீன் பிடிக்கிற தண்ணீரில் செம்பைக் கரைப்பதும் நல்லதல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தார் பட்ட இடத்தின் மேல் எனாமல் அடித்தால் பழுப்பு ஊறி மேலே வந்துவிடும். நீர்மட்டக் கோட்டுக்கு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

வார்னிஷ் வாங்கும்போது மரைன் வார்னிஷ் என்று கேட்டு வாங்குங்கள். தளபாட வார்னிஷ் இறுகிப்போகும், மரம் உப்பிச் சுருங்கும்போது வெடிக்கும். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தால் மரம் குடித்துக்கொள்ளும். மொத்தம் ஆறு பூச்சாவது வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது தேய்த்து மேலே இரண்டு பூச்சு.

எந்த டின் வாங்கினாலும் பலகை ஈரமாக இருந்தால் காசு வீண். நம் பக்கம் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு துண்டு பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டு பலகையில் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் காயவிட வேண்டும். படகைக் கூரைக்குக் கீழே கவிழ்த்து, தரையில் படாமல் கட்டை கொடுத்து வையுங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் இந்த வேலையே நடக்காது. சிவனொளிபாத மலை சீசன் நடக்கும் ஜனவரி, பெப்ரவரிதான் தோது.

அப்போதும் காலைப் பனி வற்றிய பிறகு, பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து இரண்டு மணிக்குள் தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கி ஈரப் பூச்சில் பட்டால் வார்னிஷ் பால் மாதிரி வெளுக்கும், எனாமல் பளபளப்பு இழக்கும். அப்புறம் காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

பலகையின் வெட்டு முனைகளுக்கும் ஆணித் துளைகளுக்கும் பிரைமரை (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.