கேள்வி – பதில்: தாய் சி பழகுகிறவர்களுக்கு

கேள்வி: சீனத் தற்காப்புக் கலையான தாய் சியில் 24 அசைவுத் தொடரைப் பழகுகிறேன். வயது 58. ‘குதிரைப் பிடரியைப் பிரித்தல்’ செய்யும்போதெல்லாம் முட்டியின் உட்பக்கம் வலிக்கிறது. விட்டுவிடலாமா? – வாசகி, கோவை

பதில்: விட வேண்டாம். ஆனால் வலி தணியும்வரை அந்த அசைவை மட்டும் தள்ளிவையுங்கள். முட்டி வீங்கியிருந்தாலோ, படி இறங்கும்போது பிடித்துக்கொண்டாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அடியெடுத்து முன்னே போய்க் கைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும் இந்த அசைவில் முட்டியைக் கெடுப்பது பெரும்பாலும், பாரம் முழுக்க ஒரு காலில் இருக்கும்போதே அந்தப் பாதத்தைத் திருகுவதுதான். பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும், நடுவில் முட்டி மாட்டிக்கொள்ளும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முன்னங்காலில் நிற்கிறீர்கள். முதலில் பாரத்தைப் பின்னங்காலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பாதத்தின் விரல்கள் தரையைவிட்டு எழட்டும். இப்போது இடுப்பைத் திருப்புங்கள். பாதம் குதிகாலின்மேல் சுழன்று 45 பாகை வெளியே திரும்பும். அதன்பிறகுதான் பாதத்தைப் பதித்து, பாரத்தை முன்னே கொண்டுவந்து, அடுத்த காலை எடுக்க வேண்டும். அவசரத்தில் பாதிப்பேர் பாரத்தைப் பின்வாங்கும் படியை விழுங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, பின்பாதம். அடியெடுத்து முன்னே போகும்போது பின்குதிகாலை வெளியே தள்ளி, பாதத்தை 45 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். அது பக்கவாட்டிலேயே கிடக்க, இடுப்பு முன்னே பார்த்தால் பின்முட்டி முறுகும். இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருந்தாலும் இதே தொல்லை. இடையே அகலவாட்டில் ஒரு சாண் விடுங்கள். பாரம் முன்னே ஏறத்தாழ 70 பங்கு, பின்னே 30. முன்முட்டி இரண்டாம் விரல் இருக்கும் திசையைப் பார்க்கட்டும். கால்விரல் நுனியைத் தாண்ட வேண்டாம். தாழ நின்றால்தான் தாய் சி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிமிர்ந்தே பழகலாம்.

கேள்வி: ‘சி’யை, அதாவது உயிர்ச்சக்தியை, வயிற்றுக்குள் இறக்கு என்கிறார் ஆசிரியர். எனக்கு உள்ளங்கைச் சூடும் குறுகுறுப்பும்தான் தெரிகின்றன. சக்தி என்பது அதுதானா? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: தோள் தளர்ந்தால் கைக்கு ரத்தம் நன்றாக ஓடும், உள்ளங்கை சூடாகும். நல்லதுதான், அதையே தேடிக்கொண்டு நிற்காதீர்கள். விரல் மரத்துப்போய், பயிற்சி முடிந்த பிறகும் சரியாகாவிட்டால் அது வேறு கதை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர் சொல்லும் இடம் தான்தியன்: தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே, சற்று உள்ளே. விலாவைத் தூக்காமல், அடிவயிற்றை எக்காமல், மூச்சை அடக்காமல் விட்டாலே மூச்சு அங்கே இறங்கிவிடும். உச்சந்தலை மேலே போகட்டும்; மோவாய் லேசாக உள்ளே வரட்டும்.

தாய் சியில் கையால் தொட்டுச் சோதிக்கக்கூடியது ‘ஜின்’ எனும் பழகிய விசை. பாதத்தில் வேர், காலில் புறப்பாடு, இடுப்பில் ஆட்சி, விரலில் வெளிப்பாடு என்பது பழைய பாடம். முன்னும் பின்னுமாகக் கால் வைத்து நின்று, ஒரு முன்கையை மார்புக்கு முன் வளைத்துப் பிடியுங்கள். இந்த விரிந்த தாங்கலுக்குப் பெயர் ‘பெங்’. நண்பர் அதன்மேல் உள்ளங்கை வைத்து மெதுவாக அழுத்தட்டும். தோளை உயர்த்தித் தாங்கினால் உடனே பின்னால் சாய்வீர்கள். தோளை இறக்கி, முழங்கை நுனியைத் தரைநோக்கித் தொங்கவிட்டு, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பைத் தளர்த்திப் பாருங்கள். அழுத்தம் பின்குதிகாலில் வந்து தெரியும். தெரியாவிட்டால் வழியில் எங்கோ அடைப்பு. அநேகமாகப் புட்டம் பின்னே துருத்தி, கீழ்முதுகு வளைந்திருக்கும். நண்பர் வீரம் காட்டக் கூடாது. கால் பங்கு பலம் போதும்.

கேள்வி: சென் பாணியா, யாங் பாணியா, எது அசல்? – வாசகர், பினாங்கு

பதில்: ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்துச் சென் குடும்பக் கலையை அங்கே கற்று பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனவர் யாங் லூசான் (1799–1872). அவர் பேரன் யாங் செங்ஃபூ அதை விரிந்த, ஒரே சீரான வேகமுள்ள அசைவுகளாக்கிப் பரப்பினார். 24 அசைவு அந்த யாங் பாணியிலிருந்து 1956இல் அரசு தொகுத்த சுருக்கம். சென் பாணியில் மெதுவும் வேகமும் கலந்து வரும், தரையை ஓங்கி மிதிப்பதும் உண்டு. அசல் எது என்ற சண்டையைவிட, உங்கள் ஊரில் தவறைக் கைவைத்துத் திருத்தும் ஆசிரியர் எந்தப் பாணிக்காரர் என்று பாருங்கள்.

கேள்வி: 24 அசைவையும் மூன்றே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். தவறா? – வாசகி, ஈப்போ

பதில்: வழக்கமாக ஐந்து ஆறு நிமிடம் ஆகும். கடிகாரத்தை விடுங்கள், குதிகாலை முன்னே வைத்ததும், உடம்பு குலுங்காமல் அதை அப்படியே திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கால் பதியும் முன்பே பாரம் விழுந்துவிட்டது என்று பொருள். அடியின் நீளத்தைக் குறையுங்கள். வேகம் தானே தணியும்.