எத்தில் லினோலியேட் முகத்தைலம்: விற்பனையாளர் சொன்னது மெய்யா?

கேள்வி: டர்பன் கடையொன்றில் எத்தில் லினோலியேட் கலந்த முகத்தைலம் வாங்கினேன். அது உடலுக்கு இன்றியமையாத தாவரக் கொழுப்பு அமிலம் என்றும், கரும்புள்ளிகளைப் போக்கி முகத்தை வெளுப்பாக்கும் என்றும் விற்பனையாளர் சொன்னார். இரண்டே மாதத்தில் தைலம் காறல் வாடை அடிக்கிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: அவர் சொன்னதில் முதற்பாதி ஏறத்தாழ சரியே. ஆனால் அது தைலப் புட்டியைவிட உங்கள் அடுப்படிக்குத்தான் அதிகம் பொருந்தும். எத்தில் லினோலியேட்டுக்கு அடிப்படையான லினோலெயிக் அமிலத்தை நம் உடலால் தானாக உண்டாக்க முடியாது. கொழுப்பே இல்லாத தீனி கொடுக்கப்பட்ட எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்ததைக் கண்டு, அமெரிக்காவின் பர் தம்பதியர் 1929-30இல் கொழுப்பு அமிலத்தின் தேவையை மெய்ப்பித்தனர். தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கும் செராமைடு என்னும் கொழுப்பில் இவ்வமிலம் சேர்கிறது. அமெரிக்க வழிகாட்டுதலின்படி பெண்களுக்கு நாளொன்றுக்கு 12 கிராம் போதும். சாதாரண சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 8 முதல் 9 கிராம் வரை கிடைக்கும் (ஒலெயிக் என்னும் வேறொரு கொழுப்பு அமிலம் மிகுந்த வகையில் இது குறைவு). தாளிப்பு முதல் பொரியல் வரை அந்த எண்ணெயையே புழங்கும் வீட்டில் இதற்கெனத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

எத்தில் லினோலியேட் என்பது அதே அமிலம் எத்தனாலுடன் சேர்ந்து உண்டாகும் எஸ்டர் என்னும் சேர்மம். தோலிலுள்ள நொதிகள் அதைப் பிரித்து மீண்டும் அமிலமாக்க வல்லவை. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை லினோலெயிக் அமிலம் விரைந்து சிதையச் செய்வது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் காணப்பட்டிருக்கிறது என்றாலும், அதை வைத்து ஒரு வாடிக்கையாளரின் முகத்துக்கு வாக்குறுதி கொடுப்பது மிகையாகும். மேலும், தோலை வெளுக்கச் செய்யும் வேதிப்பொருளான ஹைட்ரோகுவினோனை அழகுசாதனங்களில் தடைசெய்த 1990ஆம் ஆண்டு விதிகள், தோலை வெளுப்பாக்கும் என்று விளம்பரம் செய்வதையும் தென்னாப்பிரிக்காவில் தடுத்தன. விற்றவர் வெளுப்பைப் பற்றிப் பேசியதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. ஹைட்ரோகுவினோன் இருக்கிறதா என்று உட்பொருள் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

காறல் வாடைக்குக் காரணம், அமிலத்திலும் எஸ்டரிலும் உள்ள இரண்டு இரட்டைப் பிணைப்புகள். காற்றும் வெளிச்சமும் டர்பன் வெக்கையும் அவற்றைத் தாக்கும். கெட்ட எண்ணெய் தோலை எரிச்சலூட்டக்கூடும் என்பதால் இனிப் பூசாதீர்கள். புட்டியின்மேல் அச்சிட்ட, மூடி திறந்த சாடிப் படத்தினுள் '6எம்' என்றிருந்தால், திறந்தபின் ஆறு மாதம் தாங்கும் என்பது தயாரிப்பாளரின் உறுதி. அது உங்களுக்குச் சாதகமான சான்று.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணமோ மாற்றுப்பொருளோ கேட்கும் உரிமையை அளிக்கிறது. ரசீதுடன் கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். மறுத்தால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதுவரை தைலத்தைக் கொட்டிவிடாதீர்கள்.