மேட்பிளாட்லிப்பில் சொந்த நிறம்: வெள்ளை எங்கே விழ வேண்டும்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்து நீலம் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 0, 102, 153. பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் இதைக் கோட்டு நிறமாகக் கொடுத்தால் பிழை வருகிறது. இதே நீலத்தில் தொடங்கி, வெள்ளை வழியாகச் சிவப்பில் முடியும் கலர்மேப் (மதிப்புகளை நிறங்களாகக் காட்டும் நிறவரிசை) ஒன்றும் வேண்டும். என் தரவு வெப்பநிலை வேறுபாடு. −2 முதல் +6 டிகிரி வரை போகிறது.

பதில்: முதல் சிக்கல் சின்னது. மேட்பிளாட்லிப் நிறங்களை 0 முதல் 1 வரையான எண்களாகத்தான் கேட்கும். மூன்றையும் 255-ஆல் வகுத்தால் (0, 0.4, 0.6). வகுக்கச் சோம்பலா? '#006699' என்று ஹெக்ஸில் எழுதுங்கள், அதே நீலம்தான். புள்ளிப்படம் வரையும் ஸ்கேட்டரில் மட்டும் ஹெக்ஸே நல்லது. அங்கே 'சி' என்ற அளவுருவுக்கு மூன்று எண்களைக் கொடுத்து, புள்ளிகளும் சரியாக மூன்றே இருந்தால், அவற்றை நிறமாக எடுக்காமல் புள்ளிக்கு ஒரு மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நானே இதில் ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

கலர்மேப் செய்வதும் ஒரே வரி வேலை. லீனியர்செக்மென்டட்கலர்மேப்பின் ஃப்ரம்_லிஸ்ட்டுக்கு ஒரு பெயரும், நீலம், வெள்ளை, சிவப்பு என்ற பட்டியலும் கொடுத்தால் போதும். இடைப்பட்ட நிறங்களை அதுவே நிரப்பி 256 படிகளாகத் தரும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அப்படியே வரைந்தால் வெள்ளை உங்கள் வீச்சின் நட்டநடுவில், அதாவது +2 டிகிரியில் போய் உட்காரும். 1 டிகிரி சூடான இடம் வெளிர்நீலமாகத் தெரியும். பார்ப்பவர் அது குளிர்ந்துவிட்டது என்றே நினைப்பார். பிழைச் செய்தி எதுவும் வராது, படமும் அழகாக இருக்கும். அதனால்தான் இது பலர் கண்ணில் படாமலே போகிறது.

எந்த மதிப்பு கலர்மேப்பில் எங்கே விழும் என்பதை முடிவு செய்வது நார்ம். இதற்குப் பலர் சொல்வது டூஸ்லோப்நார்ம். வெள்ளையை 0-க்குக் கொண்டுவந்துவிடும், சரி. ஆனால் −2-உம் +6-உம் ஒரே அளவு அடர்த்தியாக வரும். 2 டிகிரி குளிர்ச்சி 6 டிகிரி சூட்டுக்குச் சமமாகத் தெரியும். வேறுபாட்டுப் படத்துக்கு நான் அதை எடுக்க மாட்டேன். சென்டர்டுநார்ம் போடுங்கள். அது 0-ஐ மையமாக வைத்து வீச்சை −6 முதல் +6 வரை விரிக்கும். −2 நீலத்தை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரமே போகும். நீலம் வெளிறித் தெரிகிறதே என்று கவலைப்படாதீர்கள், தரவில் குளிர்ச்சி அவ்வளவுதான். இதோடு வீச்சின் கீழ், மேல் எல்லைகளான விமின், விமேக்ஸ் என்று தனியாக எதுவும் கொடுக்காதீர்கள், சண்டை போடும்.

இன்னொன்று: தரவு இல்லாத கட்டங்கள் இயல்பாக ஒளிபுகும்படி வரும். வெள்ளைப் பின்னணியில் அவையும் 0 டிகிரியும் ஒன்றுபோலவே இருக்கும். கலர்மேப்பின் வித்_எக்ஸ்ட்ரீம்ஸில் 'பேட்' நிறமாக (தரவு இல்லாத இடத்துக்கான நிறம்) '0.7' என்ற சாம்பலைக் கொடுங்கள், மேற்கோள் குறியோடு. அது பழைய கலர்மேப்பை மாற்றாது. புதிது ஒன்றைத் திருப்பித் தரும், அதை வாங்கி வைத்துக்கொண்டு வரையுங்கள். இதுவும் சென்டர்டுநார்மும் 3.4 பதிப்பில் வந்தவை, அதற்கு முந்தையது வைத்திருந்தால் முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.