பெரிய பெற்றோல் ரிமோட் ட்ரக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, முதலில் எதை அப்கிரேட் செய்யலாம்?

பைப்பும் வேண்டாம், பெரிய சிலிண்டரும் வேண்டாம். இப்போதைக்கு.

உங்கள் கேள்வியை வாசித்ததும் பழைய புண்ணில் கை பட்டது போல இருந்தது. வெளிநாட்டு மாமா விட்டுவிட்டுப் போன ஐந்தில் ஒரு பங்கு அளவு ட்ரக், 26 சிசி எஞ்சின், இருப்பதோ செம்மண் ஊர், கையில் கொஞ்சம் காசு. அந்தக் காசை ரியூன்ட் பைப்பில் (வலுக் கூட்டும் சைலன்சர்க் குழாய்) போடுவதா, சிலிண்டரைப் பெருப்பிப்பதா என்ற குழப்பம். எனக்கும் இதே வரிசையில்தான் நடந்தது. உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. ஊரில் வாங்கிய பேச்சும் அதற்கேற்ற அளவுதான்.

என்னுடையது பாஹா 5ரி என்ற ட்ரக். ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் கப்பலில் பெட்டி போட்டபோது உள்ளே வைத்து அனுப்பினார். 2018 நல்லூர்த் திருவிழாவுக்கு ஆளும் வந்து சேர்ந்தார். கொடியேறிய வாரம் முழுக்க ஒழுங்கையில் ஓட்டினார். தேர் வருவதற்குள் ஆசை தீர்ந்துவிட்டது. "நீயே வைச்சிரு, ஆனா பழுதாக்கிப் போடாத" என்றார். அந்தப் பின்வரியைக் கவனியுங்கள், பிறகு வருகிறேன்.

பழுதாக்கினேன். ஒரே கோடையில். வலிகாமத்துச் சோளகக் காற்றில் தோட்டத்துச் செம்மண் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது மா மாதிரி. எயர் பில்டரின் ஸ்பொஞ்சை நான் காயவிட்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒயில் பூசாத ஸ்பொஞ்ச் கல்லைத்தான் மறிக்கும், அந்த மாவை மறிக்காது. மூன்று மாதத்தில் ஸ்ரார்ட் கயிறு இழுக்கும்போது கைக்குக் கனமே தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்ரன் முழுக்க நெடுங்கோடுகள். பிஸ்ரன், ரிங், சிலிண்டர் மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் இப்போது பெரிய சிலிண்டருக்கு ஒதுக்கியிருக்கும் காசுதான் எனக்கு அன்று போனது, ஒரு குதிரைவலுவும் கூடாமல்.

ஆகவே முதல் செலவு பில்டர். இரண்டு அடுக்கு ஸ்பொஞ்ச் இரண்டு செற் வாங்குங்கள். ஒன்று வண்டியில், மற்றது கழுவிக் காய்ந்து ஒயிலில் ஊறிப் பிழிந்து தயாராக இருக்கட்டும். மேலே பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்). பில்டருக்கும் காபரேற்றருக்கும் இடையில் உள்ள கழுத்தின் உட்புறத்தில் விரலால் மெல்லிதாகக் கிறீஸ் தடவி விடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தொட்டுப் பாருங்கள். நறநறத்தால் தூசி எங்கோ நுழைகிறது, அன்றைக்கு இனி ஓட்டாதீர்கள்.

இரண்டாவது செலவு நிறுத்தும் சுவிட்ச். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் நான் வண்டியைத் தொடவே இல்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த காலம். நம்பர் பிளேற் இல்லாத விளையாட்டு வண்டிக்கு அதில் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. சனம் வரிசையில் நிற்க இவன் பெற்றோலை எரித்து விளையாடினான் என்று கீழே யாரும் எழுத வேண்டாம். ஆனால் கலவையைத் தாங்கியில் அப்படியே விட்டது என் பிழை. அடுத்த வருடம் எடுத்தபோது காபரேற்றருக்குள் இருக்கும் டயபிறம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருந்தது. அதற்கான கிற் ரிமோட் வண்டிக் கடையில்தான் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இந்த எஞ்சின்கள் புல்லு வெட்டும் மெஷினின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இந்த எஞ்சின் செய்கிற ஸெனோவா, அந்த மெஷின்களும் செய்கிற கம்பனிதான். உங்களுடையதில் வோல்ப்ரோ காபரேற்றர் இருந்தால், புல்லு மெஷின் திருத்துபவரிடம் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டயபிறம் மாற்றியும் எஞ்சின் சரிவரவில்லை. த்ரொட்டிலை விட்டாலும் வேகம் இறங்காமல் கீச்சென்று நின்றது. காபரேற்றரில் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசிகளை நான் திருகினேன். கூட்டினேன், குறைத்தேன், பின்னேரம் முழுக்க அதே வேலை. வண்டியில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பற்றரி இறங்குவதைக் கவனிக்கவில்லை. ஒருக்கால் முழு த்ரொட்டில் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து பற்றரி செத்தது. த்ரொட்டிலை இழுக்கும் சின்ன மோட்டரான சேர்வோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட வண்டி கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து வெங்காயப் பாத்திக்குள் போனது. வரம்பில் ஏறிக் கவிழ்ந்து, மல்லாக்காகக் கிடந்து அலறியது. எஞ்சினில் உள்ள பொத்தானைத் தேடும்போது சைலன்சரில் கை வெந்தது. தோட்டக்கார அண்ணை இறைத்துக்கொண்டு நின்றவர், "தம்பி, உந்தச் சனியனை நிப்பாட்டு!" என்று கத்தியது இன்றைக்கும் கேட்கிறது. அந்தப் பக்கம் பிள்ளைகள் யாரும் நிற்கவில்லை. அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

"ரிசீவரிலேயே பெயில்சேவ் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. சிக்னல் அறுந்தால் சேர்வோவை பிறேக்குக்குக் கொண்டுபோகும். சேர்வோவுக்கே கரண்ட் இல்லாவிட்டால் அது என்ன செய்யும்? தன் சொந்தப் பற்றரியோடு வருகிற, எஞ்சினின் தீப்பொறியையே வெட்டுகிற கில் சுவிட்ச் வேண்டும். கூடவே காபரேற்றரின் த்ரொட்டில் நெம்பை மூடப் பார்க்கும் ஸ்பிரிங் ஒன்று.

அடுத்தநாள் காலை அப்பா வந்து பக்கத்தில் நின்றார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடையிருந்தபோது எம்.டி.90 மோட்டார் சைக்கிள் ஒன்றை நாலைந்து துளி பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடியவர். பெற்றோலை வைத்து மகன் விளையாடுகிறான் என்று அதுவரை வண்டியைத் திரும்பியும் பார்க்காதவர். ஒரு நிமிடம் காது கொடுத்தார்.

"ஊசியைத் தொடாத. அது காத்து இழுக்குது."

சவர்க்காரத் தண்ணியைப் பிறஷ்ஷால் தொட்டு, காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டையின் ஓரத்தில் வைத்தார். எஞ்சினின் சத்தம் உடனே இறங்கியது. கட்டையின் பின்னால் இரண்டு ஸ்குறூ அதிர்வில் இளகியிருந்தன, கடதாசிக் காஸ்கெற் கிழிந்திருந்தது. காஸ்கெற்றை அப்பாவே வெட்டினார். ஸ்குறூக்களுக்கு இளகாமல் பிடிக்கும் நீல லொக்ரைற் பசை போட்டு இறுக்கினோம். காற்றுக் கூடிப்போய் ஓடிய எஞ்சினுக்கு நான் ஊசியால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோல் 25க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மில்லி நல்ல ரூ ஸ்ரோக் ஒயில். இதெல்லாம் பழங்கதை, 40க்கு 1 போதும் என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவர் எஞ்சின் அவருக்கு. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பால் விடாத தேத்தண்ணி நிறமென்றால் சரி, வெள்ளையென்றால் பெற்றோல் போதவில்லை, கறுப்பு ஈரமென்றால் கூடிவிட்டது. மணற்காட்டுக் கடற்கரைக்கோ கசூரினாக் கடற்கரைக்கோ கொண்டுபோனால் அன்றிரவே உப்பு மணலைத் தட்டிப் பெயரிங்குகளுக்கு ஒயில் விடுங்கள், விடியட்டும் என்று விட்டால் துருதான். பிறகு ஸ்ரியரிங் சேர்வோ, உலோகப் பற்சக்கரம் உள்ளதாக. பைப் எல்லாவற்றுக்கும் கடைசி. போட்டால் மேல்வேக ஊசியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சத்தத்தோடு ஓ.எல். சோதனை நடக்கிற மாதத்தில் ஊருக்குள் ஓட்டினால் அடி வாங்குவீர்கள், நான் பொறுப்பில்லை.

அந்தப் பின்வரிக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை வீடியோவில் வந்து அத்தான் கேட்பது, "ட்ரக் எப்படியிருக்கு, பழுதாக்கிப்போட்டியோ?" அவருடைய வளவைக் கூட்டுவது நான். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கறையான் பார்ப்பது நான். விழுகிற தேங்காயை எண்ணிக் கணக்குச் சொல்வதும் நான். போன மாரியில் ஓடு மாற்றியதற்கு இன்னும் காசு வரவில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான். உங்கள் மாமாவிடம் ட்ரக்கை மட்டும் வாங்குங்கள், வீட்டுத் திறப்பை வாங்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றிப் படம் போடுங்கள், நிறம் பார்த்துச் சொல்கிறேன். இரவுக்குத்தான் வருவேன். அத்தானின் கிணற்று மோட்டரைப் போட்டு மாமரங்களுக்குத் தண்ணி விட வேண்டும்.