சொந்த சர்வரில் இ.எஸ்.பி. கருவிகள்: கேள்வி பதில்

வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் மொஸ்கிட்டோ சர்வரை நிறுவி (கருவிகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறும் எம்.க்யூ.டி.டி. முறைக்கான சர்வர் இது), அதனோடு இ.எஸ்.பி. 8266, இ.எஸ்.பி. 32 என்னும் வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகைகளை இணைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ராஸ்பெர்ரி பைக்குள்ளேயே சோதித்தால் செய்தி போகிறது, வருகிறது. இ.எஸ்.பி. 32 மட்டும் இணைய மறுக்கிறது. பலகை சொல்வதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் −2 என்று வருகிறது. நிரலில் பிழை உள்ளதா?

பதில்: நிரலைத் திருத்துவதற்கு முன் சர்வரின் அமைப்புக் கோப்பைப் பாருங்கள். பலகையின் நிரலில் எம்.க்யூ.டி.டி. இணைப்பைக் கவனிக்கும் பப்சப்கிளையன்ட் நூலகத்தில் −2 என்பது சர்வரை எட்டவே முடியவில்லை என்பதைக் குறிக்கும். 2020 டிசம்பரில் வெளியான மொஸ்கிட்டோ 2.0 முதல், அமைப்புக் கோப்பில் எதுவும் எழுதாவிட்டால் அது தான் இயங்கும் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். உள்ளே செய்த சோதனை வெற்றி பெற்றதும், வெளியிலிருந்து வந்த பலகை திருப்பி அனுப்பப்பட்டதும் இதனால்தான். வெளி இணைப்புகளை 1883 என்ற போர்ட்டில் ஏற்கச் சொல்லும் 'லிசனர் 1883' என்ற வரியை அந்தக் கோப்பில் சேர்த்து சர்வரை மறுபடி தொடங்குங்கள். அதன்பின் −2 மறைந்து 5 வந்தால் மனம் தளர வேண்டாம். சர்வரை எட்டிவிட்டீர்கள், அனுமதிதான் கிடைக்கவில்லை. பெயரில்லாதவர்களையும் அனுமதிக்கும்படி மாற்றிவிடுங்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்வது எனக்கு ஏற்புடையதன்று. கடவுச்சொல் கோப்பை உருவாக்க இரண்டு நிமிடமே ஆகும். அதை இன்றே செய்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் −2 தொடர்ந்தால், நிரலில் சர்வர் முகவரியாக 127.0.0.1 என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பலகையில் ஓடும் நிரலுக்கு அந்த முகவரி பலகையையே குறிக்கும். பலகை விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும், பெரும்பாலான ரவுட்டர்கள் அதை வீட்டின் மற்றக் கணினிகளிடமிருந்து பிரித்தே வைக்கும்.

கேள்வி: ஒரே நிரலை இரண்டு பலகைகளில் ஏற்றினேன். தனித்தனியாக ஒழுங்காக இயங்குகின்றன. சேர்த்து வைத்தால் மாறி மாறித் துண்டிக்கப்படுகின்றன.

பதில்: இரண்டுக்கும் ஒரே கிளையன்ட் ஐடி, அதாவது சர்வரிடம் பலகை தன்னை அடையாளம் காட்டும் பெயர், இருக்கிறது. அதே ஐடியுடன் இன்னொன்று வந்தால், முன்னதை வெளியேற்ற வேண்டும் என்பது எம்.க்யூ.டி.டி.யின் விதி. ஒவ்வொரு பலகைக்கும் வேறுபடும் வன்பொருள் எண்ணான மேக் முகவரியை ஐடியோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சிறிய செய்திகள் வருகின்றன, ஜேசான் என்னும் தரவு வடிவில் அனுப்பும் 300 எழுத்துள்ள செய்தி மட்டும் சுவடின்றி மறைகிறது.

பதில்: பப்சப்கிளையன்ட் நூலகம் ஏற்கும் செய்தியின் இயல்பான அளவு, தலைப்பையும் சேர்த்து, 256 பைட்டுகள்தான். 2.8 பதிப்பு முதல் இருக்கும் செட்பஃபர்சைஸ் கட்டளையால் அதை 512 ஆக்குங்கள்.

கேள்வி: வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும். ரவுட்டரில் 1883 போர்ட்டைத் திறந்துவிடலாமா?

பதில்: திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வழியில் உங்கள் கடவுச்சொல் மறையாக்கம் எதுவுமின்றிச் செல்கிறது. ராஸ்பெர்ரி பையில் வயர்கார்டு என்னும் மறையாக்கப்பட்ட தனிவழி (வி.பி.என்.) மென்பொருளை நிறுவி, கைப்பேசியிலிருந்து அதன் வழியே வீட்டு வலையமைப்புக்குள் நுழையுங்கள். உங்கள் பிராட்பேண்ட் நிறுவனம் தனிப் பொது முகவரி தராவிட்டால் அதே வகையைச் சேர்ந்த டெயில்ஸ்கேல் சேவை உதவும்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்தில் போர்வெல் மோட்டாரை இவ்வாறு இயக்குகிறோம். மின்சாரம் போய் வந்தால் சில நாள் பலகை இணைவதே இல்லை. ஒருநாள் யாரும் அழுத்தாமலே மோட்டார் ஓடத் தொடங்கியது.

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். முதலாவது எளிது. பலகை ஓரிரு விநாடியில் விழித்துவிடுகிறது. ரவுட்டரும் ராஸ்பெர்ரி பையும் எழ அதைவிட வெகு நேரமாகும். நிரல் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் முயன்று கைவிட்டால் பிறகு இணையாது. ஆகவே இணைப்பு முயற்சியை நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதிக்குள் வைத்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை முயலச் செய்யுங்கள். இணைந்ததும், எந்தத் தலைப்பின் செய்திகள் வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் சப்ஸ்கிரைப் கட்டளையையும் மறுபடி கொடுக்க வேண்டும். ரவுட்டரில் ராஸ்பெர்ரி பைக்கு மாறாத ஐபி முகவரியையும் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. 'மோட்டாரை ஓட்டு' என்னும் கட்டளையை ரீடெய்ன் குறியுடன் அனுப்பியிருப்பீர்கள் என்று கருதுகிறேன். அப்படி அனுப்பியதை சர்வர் சேமித்து வைத்துக்கொண்டு, பலகை ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிய கட்டளை போலவே கொடுக்கும். மோட்டார் ஓடுகிறதா, நிற்கிறதா என்ற நிலைச் செய்திக்கு மட்டும் ரீடெய்ன் வையுங்கள். கட்டளைக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். ஏற்கெனவே சேமிக்கப்பட்டதை நீக்க, அதே தலைப்பில் வெற்றுச் செய்தியொன்றை ரீடெய்ன் குறியுடன் அனுப்பினால் போதும்.

நிலைச் செய்திக்கு லாஸ்ட் வில் என்னும் வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எம்.க்யூ.டி.டி.யை வகுத்தபோது, இணைப்பு அறுவதை அன்றாட நிகழ்வாகவே எண்ணி வகுத்தார்கள். உங்கள் தோட்டத்து நிலையும் அதுதான். பலகை சொல்லாமல் மறைந்தால், அது முன்கூட்டியே ஒப்படைத்த 'இணைப்பில் இல்லை' என்ற செய்தியை சர்வர் வெளியிடும். பலகை இணைப்பில் இருப்பதை உறுதிசெய்யும் இடைவெளியான கீப்அலைவ், நூலகத்தின் இயல்பான 15 விநாடியாக இருந்தால், சுமார் 22 விநாடிகளில் அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் முடிவை சர்வரிடம் விட்டிருந்தால், அதை இன்றே பலகையின் நிரலுக்குள் கொண்டுவாருங்கள். வைஃபை இல்லாத வேளையிலும் மோட்டார் நிற்கிறதா என்பதை, ரவுட்டரை அணைத்துவிட்டு நேரில் நின்று சோதித்துப் பாருங்கள்.