ஃபைனல் டேபிளில் இருவர் கூட்டு: போன பரிசுப் பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, நான் ஒரு இணையதளத்தில் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஃபைனல் டேபிளில் (கடைசி மேசையில்) 4-ஆம் இடம் பிடித்தேன். பரிசு 1,150 டாலர். 3-ஆம் இடத்துக்கு 1,900, முதல் இடத்துக்கு 5,200. ஐந்து பேர் மிச்சம் இருந்தபோது, பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயம்) 10,000/20,000. ஒருவர் பந்தயத்தை 60,000-க்கு ரேஸ் செய்தார், அதாவது ஏற்றினார். 4,00,000 சிப் வைத்திருந்த இன்னொருவர் அதை 3,60,000-க்கு ஏற்றினார். முதலாமவர் ஆல்-இன் போனதும் (எல்லாச் சிப்பையும் வைத்ததும்), மிச்சம் 40,000-ஐ வைத்துக்கொண்டு இவர் ஃபோல்டு செய்துவிட்டார், சீட்டைக் கைவிட்டுவிட்டார்! அடுத்த சில நிமிடங்களில் இவர் 5-வதாக வெளியேறினார். சிப்களை அள்ளியவர் என்னையும் வீழ்த்தி முதல் பரிசு வாங்கினார். தளத்துக்குப் புகார் அனுப்பினேன். 'விசாரித்தோம், விவரங்களைப் பகிர இயலாது' என்று இரண்டு வரி பதில். ஆத்திரத்தில் அந்த இருவரின் ஆட்டப் பெயர்களையும் சமூக ஊடகத்தில் போட்டு 'திருடர்கள்' என்று எழுதிவிட்டேன். முதல் பரிசு எனக்கு வந்திருக்க வேண்டும், வாங்க முடியுமா? இன்னொரு விஷயம்: என் தம்பியும் அதே டோர்னமென்டில், அதே வீட்டு வைஃபையில் ஆடினான். தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டான். இதனால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: கடைசியாக, போகிற போக்கில் சொன்னீர்களே தம்பி விஷயம், அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

நீங்கள் கேட்டபடி தளம் ஒழுங்காக விசாரித்தால் முதலில் பார்ப்பது ஐபி முகவரி, சாதன அடையாளம், பணம் போட்ட வழி ஆகியவற்றை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு கணக்குகள் ஒரே டோர்னமென்டில் ஆடியது உடனே கண்ணில் படும். அதற்கு அனுமதி உண்டா என்பது தளத்துக்குத் தளம் மாறும். அனுமதி இருந்தாலும், நீங்கள் சொல்லாமல் அவர்களாகக் கண்டுபிடித்தால் புகார் கொடுத்தவரே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார். அதனால் அடுத்த கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்: இன்னார் என் தம்பி, ஒரே இணைப்பு, தனித்தனிக் கணக்கு, ஒரே மேசையில் உட்கார்ந்தோமா இல்லையா. உட்கார்ந்திருந்தால் இருவரும் மோதிய ஹேண்டுகளை (ஒவ்வொரு சீட்டுச் சுற்றையும்) பட்டியலிட்டு இணையுங்கள்.

ஒரு கேள்விக்கு எனக்கல்ல, உங்களுக்கே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஃபைனல் டேபிளில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து 'கால் பண்ணு (அதே தொகையைப் போடு), விட்டுடு' என்று சொன்னாரா? ஆடுகிறவருக்கு வேறொருவர் முடிவெடுத்துக் கொடுப்பதைப் பல தளங்கள் மோசடிப் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. அப்படி நடந்திருந்தால் அடுத்த கடிதம் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்து முழுக்கதையையும் சொல்லுங்கள்.

சரி, அந்த ஹேண்டுக்கு வருவோம். ஃபோல்டு செய்தவர் இன்னும் 40,000 போட்டிருந்தால் போதும். மேசை நடுவே குவிந்த பந்தயத்தில் ஏற்கெனவே அவருடைய 3,60,000, எதிராளி அவருக்கு எதிராக வைத்த 4,00,000, பிளைண்ட் 30,000, ஆக 7,90,000 கிடந்தது. நூற்றுக்கு ஐந்து தடவை ஜெயிக்க வாய்ப்பிருந்தாலே அந்த 40,000-ஐப் போடுவது லாபம். ஆட்டத்தின் மிக மோசமான கை என்று எல்லோரும் சொல்லும் வெவ்வேறு சூட் (சீட்டின் இனம்) 7-2-க்குக்கூட, இரண்டு ஏஸுக்கு எதிராக 10 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஆகவே உங்கள் சந்தேகம் வெறும் வயிற்றெரிச்சல் இல்லை.

ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நான் நின்றால் என்ன சொல்வேன் தெரியுமா? 'இது டோர்னமென்ட். இங்கே சிப்புக்கு நேரடிப் பண மதிப்பு கிடையாது, இடத்துக்குத்தான் பணம். இன்னொருவரிடம் என்னைவிடக் குறைவான சிப் இருந்தது. அவர் முதலில் வெளியேறட்டும், நான் ஒரு படி ஏறலாம் என்று 40,000-ஐக் காப்பாற்றினேன்.' கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அந்த நேரத்தில் மற்ற மூவரின் ஸ்டாக் (சிப் கையிருப்பு) எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எல்லோரிடமும் பல லட்சம் இருந்திருந்தால் இந்தச் சாக்கு நிற்காது. அதை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஹேண்டை வைத்துச் சிப் டம்பிங்கை, அதாவது கூட்டாளியிடம் வேண்டுமென்றே சிப்பைத் தோற்பதை, நிரூபிப்பது அரிது. தொடர்ச்சியைக் காட்ட வேண்டும். அந்த இருவரும் ஒருவர் பிளைண்டை இன்னொருவர் எத்தனை முறை தாக்கினார்கள்? மற்றவர்களிடம் முரட்டுத்தனமாக ஆடுகிறவர், இவரிடம் மட்டும் அடங்கிப் போனாரா? இதே இருவர் வேறு எத்தனை டோர்னமென்டில் சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்? அங்கேயும் ஒருவர் ஸ்டாக் மெலியும்போது மிச்சம் மற்றவருக்கே போனதா? சிப் டம்பிங்கின் சாரமே இதுதான்: எப்படியும் பறிபோகப் போகிற சிப்கள் மேசையில் எல்லோரும் போட்டியிட்டு எடுக்க வேண்டியவை, அவை போட்டியே இல்லாமல் ஒரே ஆள் கைக்குப் போகின்றன. உங்களுக்கு நேர்ந்த நஷ்டமும் அதுதான். கடிதத்தில் 'ஏமாற்றினார்கள்' என்று பத்து முறை எழுதுவதைவிட இதை ஒரு முறை தெளிவாக எழுதுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் ஹேண்ட் ஹிஸ்டரி, அதாவது ஒவ்வொரு ஹேண்டும் எப்படி ஆடப்பட்டது என்ற தளத்தின் பதிவு. அதை இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள், கணக்கை முடக்கினால் எடுக்க முடியாமல் போகலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தது மட்டும் போதாது. மூலக் கோப்பு வேண்டும், ஹேண்ட் எண்ணும் நேரமும் அதில் இருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2007-இல் நடந்த அப்சல்யூட் போக்கர் என்ற தளத்தின் விவகாரத்தைச் சொல்வேன். ஒரு டோர்னமென்டில் இரண்டாம் இடம் வந்தவர் சந்தேகப்பட்டு ஹேண்ட் ஹிஸ்டரி கேட்டார். தளம் அனுப்பிய கோப்பில் வழக்கத்துக்கு மாறாக எல்லோருடைய மறைசீட்டுகளும், பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர்களின் விவரங்களும் இருந்தன. ஆட்டக்காரர்கள் அதைக் குடைந்து, வென்றவர் மற்றவர்களின் சீட்டைப் பார்த்தே ஆடினார் என்று வெளிக்கொண்டு வந்தார்கள். உரிமம் கொடுத்த, கனடாவிலுள்ள கானவாக்கே சூதாட்ட ஆணையம் 2008-இல் அந்தத் தளத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எல்லாம் ஒரு ஆட்டக்காரர் கோப்பு கேட்டதில் தொடங்கியது.

உங்களுக்கு அப்படி முழுக் கோப்பு வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். ஃபோல்டு செய்தவரின் சீட்டு, ஐபி விவரம் எல்லாம் தளத்திடம் மட்டுமே இருக்கும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட தளம் என்றால், உங்களைப் பற்றிய தரவை நீங்கள் கேட்டுப் பெறலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அடுத்தவர் தரவை அந்த உரிமையில் கேட்க முடியாது. அதனால் கடிதத்தில் கேட்க வேண்டியது வேறு: 'இந்த டோர்னமென்டின் எல்லாச் சீட்டுகளும், இந்த இரு கணக்குகளின் உள்நுழைவு, சாதன, பணப் பரிமாற்றப் பதிவுகளும் அழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட வேண்டும்.' நாளை ஒரு தீர்ப்பாயமோ நீதிமன்றமோ கேட்கும்போது 'அழிந்துவிட்டது' என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கக் கூடாது.

இப்போது பணம். முதல் பரிசு கிடைக்காது, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தளங்களின் விதிப்படி மோசடி செய்தவரைத் தகுதி நீக்கினால் கீழே உள்ளவர்கள் ஒவ்வொரு இடமாக மேலே ஏறுவார்கள். 2007-இல் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் டபிள்யூகூப் என்ற போட்டித் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற கணக்கைத் தகுதி நீக்கியபோது இப்படித்தான் மற்றவர்களை ஒரு படி உயர்த்திப் பரிசைப் பிரித்தார்கள். உங்கள் வழக்கில் சிப் கொடுத்தவர் உங்களுக்குக் கீழே 5-ஆம் இடம். அவரை நீக்கினாலும் நீங்கள் ஏற மாட்டீர்கள். முதலாமவர் போனால் நீங்கள் 3-ஆம் இடம். வித்தியாசம் 750 டாலர். கடிதத்தில் இந்தத் தொகையையே கேளுங்கள்.

'அந்தச் சிப் அவருக்குப் போகாமல் இருந்தால் நானே ஜெயித்திருப்பேன்' என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 1911-இல், நடிகைத் தேர்வுப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்த ஒரு பெண்ணுக்கு நேர்காணலில் கலந்துகொள்ள உரிய வாய்ப்பு தரவில்லை. அவர் ஜெயித்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் வாய்ப்பை இழந்ததே நஷ்டம் என்று 100 பவுண்டு கொடுத்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. பொதுச் சட்ட மரபு உள்ள நாடுகளில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் உங்கள் தொகைக்கு அந்த வாதத்தை நடத்தும் செலவு பரிசைத் தின்றுவிடும்.

தளத்தின் கடமை என்ன? 'ஏமாற்றக் கூடாது' என்பது எழுதாவிட்டாலும் சூதாட்ட ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. 2017-இல் ஐவி எதிர் கெண்டிங் வழக்கை (ஐவி என்ற ஆட்டக்காரர், தான் வென்ற பணத்தைக் கெண்டிங் சூதாட்ட நிறுவனத்திடம் கேட்ட வழக்கு) பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் அணுகியது. தான் செய்தது ஏமாற்று அல்ல என்று ஆட்டக்காரர் உண்மையாகவே நம்பியும் 77 லட்சம் பவுண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கே 2005 சூதாட்டச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஏமாற்றுவதைக் குற்றமாக்குகிறது. ஏமாற்றியதால் வெற்றி வாய்ப்பு கூடியதா என்பதுகூட முக்கியமில்லை. தளம் தன் விதிகளைக் காட்டி மறுத்தால், அந்த விதியின் எண்ணையும் வாசகத்தையும் கேளுங்கள். 17 லட்சம் பவுண்டு வென்ற ஒருவருக்கு மென்பொருள் கோளாறைக் காரணம் காட்டிப் பணம் மறுத்த பெட்ஃபிரெட் நிறுவனத்தின் விதிகள் தெளிவாக இல்லை, ஆட்டக்காரர் கவனத்துக்கு ஒழுங்காகக் கொண்டுவரப்படவில்லை என்று 2021-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது.

எங்கே போவது என்பது தளத்தின் உரிமம் எந்த நாட்டினுடையது என்பதைப் பொறுத்தது. தளத்தின் முகப்புப் பக்க அடியில் உரிம எண் இருக்கும். பிரிட்டன் உரிமம் என்றால், தளத்தின் புகார் நடைமுறைக்கு எட்டு வாரம். அதற்குள் தீரவில்லை என்றால் கட்டணமில்லாத மாற்றுத் தகராறுத் தீர்வு அமைப்புக்குப் போகலாம். அங்குள்ள சூதாட்ட ஆணையம் தனி ஆளின் பணத்தை வாங்கித் தராது. உரிமமே இல்லாத தளம் என்றால் என் அறிவுரை வேறு: மிச்சப் பணத்தை முதலில் வெளியே எடுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் பணம் வைத்து இணையத்தில் ஆடுவது சட்டப்படி செல்லுமா என்பதையும், புகாரை எங்கும் கொண்டுபோகும் முன் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். தடை இருக்கும் இடத்தில் புகார் உங்கள் மேலேயே திரும்பலாம். தடை இல்லாத இடத்திலும் ஆட்ட இழப்பை மீட்க நீதிமன்றம் உதவாமல் போகலாம்.

சமூக ஊடகப் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் உங்கள் கைவசம் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பெயர்தானே, அவதூறு ஆகாது என்று நினைக்காதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று சிலருக்குத் தெரிந்தாலே போதும். அவர்கள் உண்மையில் மோசடிக்காரர்களாக இருந்தாலும், நிரூபிக்கும் சீட்டுகள் உங்களிடம் இல்லை, தளத்திடம் இருக்கின்றன. இதே காரணத்தால், அவர்கள் யார் என்று 'கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று வருகிறவர்களிடமும் போகாதீர்கள். அடுத்தவர் கணக்கை உடைப்பது உங்களைக் குற்றவாளியாக்கும்.

கடிதம் போன பிறகு, தளம் ஒரு டோர்னமென்ட் டிக்கெட்டோ சிறு தொகையோ போனஸாக உங்கள் கணக்கில் போட வரலாம். அதனோடு 'இத்துடன் என் எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன' என்று ஒரு வரி இருந்தால், 750 டாலர் பற்றிய பதில் எழுத்தில் வரும்வரை ஏற்கும் பொத்தானை அழுத்தாதீர்கள்.