உருகுவே ஜெர்சியில் நான்கு நட்சத்திரம் எப்படி வந்தது?

கேள்வி: கால்பந்து வினாடி வினா ஒன்றுக்குக் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். "உருகுவே எத்தனை முறை உலக சாம்பியன்?" என்பதற்கு இரண்டு என்று விடை போட்டேன். உடன் வேலை செய்யும் நண்பரோ, அவர்கள் ஜெர்சியில் நான்கு நட்சத்திரம் இருக்கிறதே என்கிறார். எதை வைத்துக்கொள்வது? இதுபோல வேறு எங்கே தகராறு வரும்?

பதில்: "உலகக் கோப்பையை எத்தனை முறை வென்றது?" என்று கேட்டால் இரண்டுதான்: 1930, 1950. "உலக சாம்பியன்" என்று எழுதியதில்தான் வம்பு. வென்ற ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் ஜெர்சியில் ஒரு நட்சத்திரம் வைப்பது வழக்கம். உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

1930க்கு முன் உலகக் கோப்பை என்று ஒன்று கிடையாது. நாடுகள் மோதிக்கொண்ட பெரிய மேடை ஒலிம்பிக்தான். தன் விதிப்படி நடந்தால் ஒலிம்பிக் கால்பந்தை அமெச்சூர் (சம்பளம் வாங்காமல் ஆடும்) வீரர்களுக்கான உலகச் சாம்பியன் போட்டியாக ஏற்கலாம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 1914இல் முடிவெடுத்தது. அப்புறம் 1924இல் பாரிஸ், 1928இல் ஆம்ஸ்டர்டாம், இரண்டிலும் தங்கம் உருகுவேக்கு. ஐரோப்பா அதுவரை கண்டிராத அணி அது. பாரிஸில் யுகோஸ்லாவியாவை 7-0 என்று தொடங்கி, இறுதியில் சுவிட்சர்லாந்தை 3-0 என்று முடித்தார்கள். கூடுதலாக உள்ள இரண்டு நட்சத்திரங்கள் அந்த இரண்டு தங்கங்களுக்கு. 2021இல் இவற்றை எடுக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. உருகுவே விட்டுக்கொடுக்கவில்லை, 2022 உலகக் கோப்பையிலும் நான்கோடுதான் ஆடியது.

ஒலிம்பிக் போதாதென்று தனிக் கோப்பை எதற்கு? காசு விவகாரம்தான் முதல் காரணம். ஆட வந்ததால் வேலைக்குப் போக முடியாமல் கூலியை இழக்கும் வீரருக்கு ஈட்டுத்தொகை தரலாமா என்பதில் பெரிய சண்டை. தரக் கூடாது என்று நின்ற பிரிட்டன் கால்பந்துச் சங்கங்கள் 1928இல் ஃபிஃபாவை விட்டே வெளியேறின. சம்பளம் வாங்கி ஆடுபவர்களைத் தள்ளிவைத்துவிட்டு உலகின் சிறந்த அணி எது என்று சொல்ல முடியாது. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே அதே ஆண்டு எல்லா வீரர்களும் ஆடக்கூடிய தனிப் போட்டிக்கு ஒப்புதல் பெற்றார்.

அரசியலமைப்பின் நூற்றாண்டைக் கொண்டாடவிருந்த உருகுவே, வருகிற அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்பதாகச் சொல்லிப் போட்டியை வாங்கியது. அப்படியும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியவை பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா என நான்கே அணிகள். மொத்தம் 13. இறுதி ஆட்டத்தில் யார் பந்தில் ஆடுவது என்று அர்ஜென்டினாவும் உருகுவேயும் முரண்டுபிடிக்க, முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவே பந்து என்று சமரசமானது. இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை. முடிவில் உருகுவே 4-2. கடைசி கோலை அடித்த எக்டர் காஸ்ட்ரோ சிறு வயதில் விபத்தில் ஒரு முன்கையை இழந்தவர். பந்தைப் பற்றிய கேள்வி சுவாரசியமானது, கட்டாயம் சேருங்கள்.

இனி, தகராறு வரக்கூடிய மற்ற இடங்கள். "1950 இறுதிப் போட்டியில் வென்றது யார்?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டி என்று ஒன்று வைக்கவே இல்லை. பிரேசில், உருகுவே, ஸ்வீடன், ஸ்பெயின் நான்கும் ஒன்றோடொன்று ஆடின, அதிகப் புள்ளி எடுப்பவரே சாம்பியன். ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயோடு நடந்த கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்குச் சமன் செய்தாலே போதும். முதல் கோலும் அவர்களுடையது. உருகுவேயின் ஷியாஃபினோவும் கிஜியாவும் ஆளுக்கொரு கோல் அடித்து 2-1 என்று கவிழ்த்தார்கள். அது கடைசி ஆட்டமாக அமைந்தது அட்டவணை தந்த அதிர்ஷ்டம்.

ஜெர்மனிக்கு நான்கு: 1954, 1974, 1990, 2014. முதல் மூன்றும் மேற்கு ஜெர்மனி வென்றவை. 1990 கோப்பை ஜூலையில், நாடு ஒன்றானது அக்டோபரில். ஃபிஃபா எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது.

அமெரிக்க ஜெர்சியில் நான்கு நட்சத்திரம் பார்த்தால் குழம்ப வேண்டாம், அது மகளிர் அணி: 1991, 1999, 2015, 2019. கேள்வியில் ஆடவரா மகளிரா என்று எழுதிவிடுங்கள்.

கண்டப் போட்டிகளில் மூத்தது கோபா அமெரிக்கா. 1916இல் தென் அமெரிக்கச் சாம்பியன் போட்டியாகத் தொடங்கியது. இன்றைய பெயர் 1975இல்தான் வந்தது. ஆசியக் கோப்பை 1956, ஆப்பிரிக்கக் கோப்பை 1957, ஐரோப்பாவின் யூரோ 1960. இந்த நான்கில் ஐரோப்பா கடைசியில் வந்தது என்பதைப் பலரும் நம்ப மாட்டார்கள், நல்ல கேள்வியாகும்.

ஒலிம்பிக்கைப் பற்றிக் கேட்பதானால் ஆண்டைப் போட்டே கேளுங்கள். 1952 முதல் 1980 வரை ஆடவர் தங்கம் முழுவதும் கிழக்கு ஐரோப்பிய சோஷலிச நாடுகளுக்கே போனது, அங்கே தேசிய அணி வீரர்களே ஏட்டளவில் அமெச்சூர்கள் என்பதால். 1992 முதல் அது 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டி. அந்தத் தங்கத்துக்கு யாரும் நட்சத்திரம் குத்திக்கொள்வதில்லை.

உங்கள் கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "உருகுவே ஜெர்சியில் உள்ள நான்கு நட்சத்திரங்களில் உலகக் கோப்பைக்காக இல்லாதவை எந்த ஆண்டுகளைக் குறிக்கின்றன?" விடை 1924, 1928. உங்கள் நண்பரால் இதில் குறை சொல்ல முடியாது.